நின்னுபோன நாலு தறி

ஜஸ்டிஸ் மெஹருன்னிசா கண்ணாடிய கழட்டி மேஜை மேல வெச்சுட்டாங்கன்னா போதும், கோர்ட்டோட கதைப்பிரிவு ஆளுங்க எல்லாரும் முதுக நிமித்திக்குவாங்க. அடுத்து அந்தக் கேள்வி வரப்போகுதுன்னு அர்த்தம்.

"ஏதாவது ஒரு நம்பர் சொல்லும்மா."

செவ்வந்தி வாய்க்கு வந்தத சொன்னா. "பதினேழாயிரத்து இருநூத்தி நாலு, மேடம்."

"அந்தக் கதை ஏன் செத்துச்சு?"

புதுசா கேக்குறவங்களுக்கு இது கிறுக்குத்தனமா இருக்கும். அதனால மொதல்ல சல்லடைய பத்தி சொல்லிடணும்.

யாரும் கண்ணால பாக்காத கொலைன்னா, அந்தக் காலத்துல கோர்ட் என்ன பண்ணும்? சூழ்நிலைய வெச்சு சங்கிலி கோக்கும். சண்டை போட்டான், கடைசியா கூட இருந்தான், கேட்டப்ப பொய் சொன்னான். கண்ணி எங்கயும் விடுபடாம இருந்தா தண்டனை. ஆனா ஒன்னு, இவன் பண்ணாம வேற எப்படியும் நடந்திருக்க முடியாதுன்னு ஜட்ஜுக்குத் தோணணும். ஒரு மனுஷ மண்டைக்கு எத்தனை 'வேற எப்படியும்' தோணிடும்? நாலு தோணும். ரொம்ப யோசிச்சா ஏழு. சல்லடைக்கு நாப்பதாயிரம் தோணும். அதான் மெஷினே.

போன், கரண்ட் மீட்டர், கேமரா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்னு வழக்குல இருக்க எல்லாத்தையும் உள்ள கொட்டுனா, நடந்திருக்கக்கூடிய கதை அத்தனையும் அதுவே எழுதும். அப்புறம் ஒன்னொன்னா சலிக்கும். ஆதாரத்தோட ஒத்துவராத கதை செத்துடும். ஜெயில்ல இருக்க ஆளுக்குப் பதிலா வேற யாராவது பண்ண கதை ஒன்னே ஒன்னு பொழச்சு நின்னாலும், ஆள விட்டுடணும். வந்த மொத வருஷமே இருநூறு பேருக்கு மேல வெளிய வந்தாங்க. செவ்வந்திக்கு அந்த மெஷின் மேல அவ்ளோ பாசம். அதுக்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதே அவதான்.

கதைப்பிரிவுல அவ வேலை கையெழுத்து போடறது. உள்ள கொட்டுன தகவல் எல்லாம் சரியா இருக்குன்னு பாத்து அடியில ஒரு கையெழுத்து. அஞ்சு வருஷத்துல அறுபத்து மூணு போட்டிருக்கா. மொத கையெழுத்து போட்ட அன்னிக்கு ராயபுரத்துல அவங்க அம்மா தெருவுக்கே பாயசம் குடுத்தாங்க.

அந்த மொத கையெழுத்து போட்ட வழக்குதான் இப்ப அப்பீல்ல வந்து உக்காந்திருக்கு.

"சொல்லும்மா," ன்னாங்க ஜட்ஜம்மா.

செவ்வந்தி திரைய பாத்தா. "பள்ளிபாளையம் தறிப்பட்டறை வழக்கு மேடம். மேஸ்திரி அங்கப்பன பாவு நூல் வெக்கற ரூம்ல யாரோ இரும்புத் தடியால மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பத்துலருந்து மூணு அரைக்குள்ள. பட்டறையில அன்னிக்கு ரெண்டே நெசவாளி. ஒன்னுல இருந்து நாலு வரைக்கும் தறி சென்னியப்பனோடது. அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் வையாபுரியோடது. நீங்க கேட்ட கதைல, கொன்னது வையாபுரி."

"ஏன் செத்துச்சு?"

"அவரோட நாலு தறியும் ஒரு நிமிஷம் கூட நிக்கல மேடம். தறிக்கு தறி கரண்ட் மீட்டர் இருக்கு. அது பழைய நாடாத் தறி. நாடான்னா நூல குறுக்க இழுத்துட்டு ஓடற கட்டை, அதுக்குள்ள நூல் சுத்துன குச்சி ஒன்னு இருக்கும், தார்னு சொல்லுவாங்க. அஞ்சாறு நிமிஷத்துல தீந்துடும். கையால மாத்தலைன்னா தறி தானா நின்னுடும். அப்போ தறி ஓடிட்டே இருந்துச்சுன்னா ஆளும் அங்கயே இருந்திருக்காரு. ஆனா சென்னியப்பன் தறி நாலும் மூணு ஒன்பதுல இருந்து ஒன்னொன்னா நின்னிருக்கு. திரும்ப ஓடுனது மூணு முப்பத்தொன்னுக்கு."

"சென்னியப்பன் என்ன சொன்னாரு?"

"தறி நிக்கவே இல்ல, அது பொய்னு சொன்னாரு மேடம். எல்லா கேள்விக்கும் பொய்னுதான் சொன்னாரு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மேஸ்திரி அவர நல்ல தறியில இருந்து ஓட்டைத் தறிக்கு மாத்திட்டாரு. 'உன்னைய ஒரு நாள் பாத்துக்கறேன்'னு சென்னியப்பன் கத்துனத பத்து பேர் கேட்டிருக்காங்க."

"வெளியாள்?"

"வாசல்ல கேமரா, பின்னாடி வாய்க்கால் மதில்ல சென்சார். ரெண்டுலயும் ஒன்னும் பதியல. மொத்தம் நாப்பத்தோராயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு கதை. ஒன்னே ஒன்னுதான் உயிரோட இருக்கு."

கவர்மெண்ட் வக்கீல் தலைய ஆட்டுனாரு, அவரே எழுதுன கணக்கு மாதிரி.

ஜட்ஜம்மா கண்ணாடிய மாட்டல. "தறி ஓடுனா தறிக்காரன் இருந்தான். இத மெஷினுக்கு யாரும்மா சொன்னது?"

செவ்வந்தி திரைய மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தா. தறிக்கும் ஆளுக்குமான பட்டியல் இருந்துச்சு. தாருக்கு எவ்ளோ நேரம்னு இருந்துச்சு. ரெண்டையும் சேத்து மெஷினே முடிவு பண்ணிக்கிச்சு. அவ பட்டியல் சரியான்னு பாத்தா, சரின்னு போட்டா. அவ்ளோதான் பண்ணிருக்கா.

"யாரும் சொல்லல மேடம்."

"நீ தறி பாத்திருக்கியா?"

"இல்ல மேடம். லுங்கி பாத்திருக்கேன்."

கோர்ட்ல நாலு பேர் சிரிச்சாங்க. ஜட்ஜம்மா சிரிக்கல, ஆனா வாய் ஓரம் லேசா அசைஞ்சுது. "ஒரு வாரம் தர்றேன். போய் தறிய பாத்துட்டு வா. உள்ள இருக்கறவரு ஆறு வருஷமா இருக்காரு, இன்னொரு வாரம் நம்மளால சேத்து இருக்கணும். அத ஞாபகம் வெச்சுக்கோ."

*

"லீவுக்குப் புது பேரா இது? ஸ்தலத்த பாக்கறதா?" ன்னான் ஜெரால்டு. அவளுக்குப் பக்கத்து சீட்டு. அவ எந்திரிச்சுப் போனா மணி பாக்கறதும், திரும்பி வந்தா 'எத்தனை வடை?'ன்னு கேக்கறதும்தான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"உனக்கென்னப்பா, உன் கையெழுத்தா அதுல இருக்கு?"

"மெஷின் தப்பு பண்ணாது."

"தெரியும். மெஷின்கிட்ட நான் என்ன சொன்னேன்னுதான் தெரியல."

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி ரயில்ல ஏறுனா, மத்தியானம் பள்ளிபாளையத்துல எறங்கிட்டா. ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுச்சு. தடதடதடதட. எல்லா தெருவுலயும், எல்லா சுவத்துக்குப் பின்னாடியும். பெரிய மில் எல்லாம் எப்பவோ சத்தமில்லாத மெஷினுக்கு மாறியாச்சு. நாடாத் தறி துண்டுன்னா தண்ணிய நல்லா உறிஞ்சும்னு கேட்டு வாங்கறவங்க இருக்கறதால, இந்தப் பக்கம் ஒரு நூறு பட்டறை இன்னும் ஓடுது.

அந்தப் பட்டறை வாய்க்கால ஒட்டி இருந்துச்சு. உள்ள எட்டுத் தறி. அதுக்குள்ள கேமரா கெடையாது, வெச்சா ஒரு வாரத்துல பஞ்சு படிஞ்சு குருடாயிடும். ரெண்டு பொம்பளைங்க ஓட்டிட்டிருந்தாங்க. அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் ஓட்டுறது இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, தலையில துண்டு கட்டியிருந்துச்சு. அந்தப் பக்கம் நாலு தறிக்கு சம்பூர்ணம்னு ஒரு நாப்பது வயசுக்காரம்மா.

செவ்வந்தி கோர்ட் கார்ட காட்டிக் கத்துனா. அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் காதுல விழல. கார்ட படிச்சுட்டு மூஞ்சி மாறுச்சு. வெளிய போய் பேசலாம்னு கைய காட்டுச்சு.

போறதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணுச்சு. சம்பூர்ணத்த பாத்து ரெண்டு விரல தன் கண்ணுக்கு நேரா வெச்சு, அப்புறம் தன் தறிங்கள காட்டுச்சு. சம்பூர்ணம் தலைய ஆட்டுனாங்க.

முத்தத்துல வேப்பமரத்தடியில ஒரு ஸ்டூல். கேன்ல டீ. கூட ஒரு தட்டுல கார போண்டா இருந்துச்சு, செவ்வந்திக்கு அதப் பாத்ததுமே ஊரு புடிச்சுப்போச்சு.

"எம்பேரு கோகிலவாணிங்க்கா. சென்னியப்பண்ணன் கேஸுங்களா?"

"ஆமாப்பா. வையாபுரின்னு ஒருத்தர் இருந்தாரே, அவர பாக்கணும்."

"எங்கப்பாதானுங்க. அவரு போயி ரெண்டு வருசமாச்சு. நெஞ்சு பூரா பஞ்சுன்னு டாக்டரு சொன்னாங்க. அவரு தறியத்தான் இப்ப நான் ஓட்டுறேன்."

செவ்வந்தி போண்டாவ கீழ வெச்சா. "மன்னிச்சுக்கோ."

"இதுக்கென்னங்க. சாப்புடுங்க, ஆறுனா நல்லாருக்காது."

செவ்வந்தி மெதுவா ஆரம்பிச்சா. தார் எப்ப மாத்துவீங்க, இழை அறுந்தா என்ன பண்ணுவீங்கன்னு. கோகிலவாணி நல்லா பேசுச்சு. கேலியும் பண்ணுச்சு. "கோர்ட்ல துண்டு நெய்யற போட்டி வெக்கப் போறீங்களாக்கா, இவ்ளோ கேக்கறீங்க?"

பேசிட்டே இருந்தப்ப சத்தம் மாறுச்சு. எட்டு தறியோட தடதடல ஒன்னு கொறஞ்சுது. செவ்வந்தி கவனிக்கல. ரெண்டாவதும் கொறஞ்சப்ப நிமிந்தா. மூணாவது.

"உன் தறி நிக்குதுப்பா. நான் வேற உன்ன புடிச்சு வெச்சிருக்கேன், நீ போ."

கோகிலவாணி திரும்பிக்கூட பாக்கல. "அது என்தில்லைங்க. சம்பூர்ணத்தக்காளது."

"அவங்க உள்ளதானே இருக்காங்க?"

"உள்ளதான் இருக்காங்க. என் தறிய பாத்துட்டிருக்காங்க."

"உன்து ஓடுது, அவங்கது நிக்குதா?"

"ஆமாங்க. ஒராளு எட்டுத் தறிக்கு ஓட முடியுங்களா? நாலுதான் முடியும்."

"அப்போ அவங்கதயே ஓட்ட வேண்டியதுதானே?"

கோகிலவாணி அவள ஒரு மாதிரி பாத்துச்சு, சோத்த மூக்குல சாப்புடலாமேன்னு கேட்டவள பாக்கற மாதிரி. "பாத்துக்கறேன்னு சொல்லிட்டு அடுத்தவங்க தறிய நிக்க விடறதாக்கா? அப்பறம் எந்த மூஞ்சியில எதிர்ல நிக்கறது? நம்ம தறி நின்னா நம்ம பாடு. அவங்க தறி நிக்கக்கூடாது. இந்த ஊர்ல எல்லா பட்டறையிலயும் இப்பிடித்தானுங்க."

நாலாவதும் நின்னுச்சு. இப்ப பாதி சத்தம்தான். செவ்வந்தி எந்திரிச்சு ஜன்னல் வழியா பாத்தா. சம்பூர்ணம் அஞ்சாம் தறிக்கும் எட்டாம் தறிக்கும் நடுவுல ஓடிட்டிருந்தாங்க, மூச்சு வாங்க. அவங்களோட நாலு தறியும் பின்னாடி சும்மா நின்னுச்சு. அவங்க அத ஒரு தடவ கூட திரும்பிப் பாக்கல.

செவ்வந்தி வேகமா ஸ்டூலுக்கு வந்தா. பையிலருந்து அந்த மீட்டர் தாள எடுத்தா. அஞ்சு வருஷமா மனப்பாடம் அது. மூணு ஒன்பது, பதினொன்னு, பன்னெண்டு, பதினாலு. சென்னியப்பன் தறி ஒன்னொன்னா நின்ன நேரம். கொலை பண்ணப் போனவன் தறியும் இப்படித்தான் நிக்கும். அடுத்தவன் தறிய காப்பாத்துனவன் தறியும் இப்படித்தான் நிக்கும். அதே தாள். ஒரு எழுத்து மாறல.

"அக்கா, என்னாச்சுங்க? போண்டா ஒத்துக்கலைங்களா?"

செவ்வந்தி தாள மடிச்சுட்டா. இத வெளிய சொன்னா என்னாகும்னு அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிஞ்சுது. வையாபுரி தறியில சென்னியப்பன் இருந்தாருன்னா, வையாபுரி அங்க இல்ல. இந்தப் பொண்ணோட அப்பா, நான் தறிய விட்டு நகரவே இல்லன்னு கூண்டுல ஏறி சத்தியம் பண்ணவரு.

எதுக்குன்னு மறைச்சு, அந்தப் பழக்கத்த மட்டும் எழுதி வாங்கிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு மனசு வரல. ஸ்டூல கிட்ட இழுத்துப் போட்டு, தாள விரிச்சு, எல்லாத்தையும் சொன்னா. எந்த நேரம், எந்தத் தறி, அதுக்கு என்ன அர்த்தம்னு.

கோகிலவாணி அந்தத் தாள வாங்கி அவங்கப்பா தறி நாலையும் தேடிப் பாத்துச்சு. "அப்போ எங்கப்பா எங்க போனாருன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"எனக்குத் தெரியாதுங்க. மேஸ்திரிக்குத் தெரியாம வெளிய போனா தறிய புடுங்கிருவாங்க. அதனால போலீஸ்கிட்ட போகலைன்னு சொல்லியிருப்பாரு. ஒருக்கா சொன்னத எப்பிடிங்க மாத்தறது?" தாள திருப்பிக் குடுத்துச்சு. "கடைசி நாலு வருசம் அவரு பாத்துக்கோன்னு யாரையும் கேட்டதே இல்லைங்க்கா. ஒன்னுக்குப் போகணும்னாலும் தறிய நிறுத்திட்டுத்தான் போவாரு. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

உள்ள சம்பூர்ணம் தறிய தட்டி சத்தம் குடுத்தாங்க. "ஏம்புள்ள, கலெக்டரு உத்தியோகம் குடுத்துட்டாங்களா? வருவியா மாட்டியா?"

"இருங்கக்கா, ரெண்டு நிமிசம்." கோகிலவாணி கைய முந்தானையில தொடச்சுச்சு. "எங்க கையெழுத்து போடணும்?"

"யோசிச்சுக்கோப்பா. ஊர்ல உங்க அப்பாவ பத்தி..."

"எங்கப்பா எங்க போனாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவரு தறிய யாரு ஓட்டுனதுன்னு தெரியும். பாத்துக்கிட்ட ஆள உள்ள வெச்சுட்டு நான் எப்பிடிங்க இந்தத் தறியில நிக்கறது?"

போட்டுச்சு. போட்டுட்டு, "வாங்க, பின்னாடி கை கழுவிக்கலாம்"னு கூட்டிட்டுப் போச்சு.

பின்பக்கம் வாய்க்கால் மதில். அதுல ஒரு ஓரத்துல குட்டியா சென்சார் இருக்குன்னு செவ்வந்திக்குத் தெரியும், படத்துல பாத்திருக்கா. நேர்ல தேடுனா கிடைக்கல. மதில் நீளத்துக்கும் மூங்கில் கட்டி, சாயம் போட்ட ஈர நூல் கட்டு கட்டா தொங்குச்சு. செவப்பு, பச்சை, செவப்பு.

"இது எப்பலருந்து இங்க காயப்போடறீங்க?"

"எப்பவுமேங்க. மத்த நாளு நூல் வேனு நிக்கும். ஞாயித்துக்கிழமைதான் எடம் கெடைக்கும். வெயிலும் இங்கதான் விழும்."

செவ்வந்தி ஒரு செவப்புக் கட்ட ஒதுக்கிப் பாத்தா. உள்ள அந்தச் சென்சார், நூலுக்குப் பின்னாடி, சமத்தா எதையும் பாக்காம இருந்துச்சு.

அவ சிரிச்சுட்டா. கோகிலவாணிக்கு எதுக்குன்னு புரியல, ஆனா அதுவும் சிரிச்சுச்சு. வெளியாள் வந்திருக்கவே முடியாதுன்னு செத்துப்போன கதைங்க எத்தனை ஆயிரம். எல்லாம் இந்த ஈர நூலுக்குப் பின்னாடிதான் படுத்திருக்கு.

*

அடுத்த வாரம் கோர்ட்ல கூட்டம் இல்ல. முன் பெஞ்சுல சென்னியப்பன் சம்சாரம் பாவாயி, ஒரு மஞ்சப் பைய மடியில வெச்சுட்டு. பின் பெஞ்சுல செத்துப்போன அங்கப்பனோட தங்கச்சி. சென்னியப்பன் ஜெயில்ல இருந்து திரையில வந்தாரு. ஒல்லி, நரைச்ச மீசை, கேமராவ எங்க பாக்கறதுன்னு தெரியாம கொஞ்சம் மேல பாத்துட்டிருந்தாரு.

செவ்வந்தி ரெண்டு தகவல சொன்னா. ஒன்னு தறி பாத்துக்கற பழக்கம், அந்த ஊர்ல பதினாலு பட்டறையில கேட்டு எழுதி வாங்குனது. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நூலு. ரெண்டையும் போட்டு சலிச்சதுல, ஒத்தக் கதை இருந்த எடத்துல இப்ப முந்நூத்திப் பன்னெண்டு கதைக்கு உயிர் இருக்குன்னும் சொன்னா.

சென்னியப்பனோட வக்கீல் எந்திரிச்சாரு. ஜட்ஜம்மா கைய காட்டி உக்கார வெச்சாங்க. "நான் அவரையே கேட்டுக்கறேன். சென்னியப்பன், நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்கம்மா."

"அன்னிக்கு உங்க தறி நின்னுச்சா?"

அவரு தயங்குனாரு. "எதுக்கும் பொய்னே சொல்லச் சொல்லி அப்பத்திய வக்கீலு சொல்லிக்குடுத்தாருங்க."

"இப்ப நான் கேக்கறேன். பயப்படாம சொல்லுங்க."

"நின்னுச்சுங்க. நாலும் நின்னுச்சு."

"ஏன்?"

"வையாபுரி பாத்துக்கோன்னான். அவன் தறிய பாத்துட்டிருந்தனுங்க."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"தறி ஏன் நின்னுச்சுன்னு யாரும் கேக்கலைங்களே. அந்த மேஸ்திரிய கத்தி வஞ்சதுக்குத்தான் உள்ள போட்டாங்கன்னு இருந்தனுங்க. வஞ்சது வாஸ்தவந்தானுங்களே."

செவ்வந்தி தன் கைய பாத்தா. மொத கையெழுத்து போட்ட கை.

"வையாபுரி எங்க போனாரு?" ன்னாங்க ஜட்ஜம்மா.

"கேக்க மாட்டமுங்க."

"ஏன்?"

"பாத்துக்கோன்னா பாத்துக்கறதுங்க. எங்க போறன்னு கேட்டா அது வேவு பாக்கற மாதிரி ஆயிருமுங்க."

கவர்மெண்ட் வக்கீல் எந்திரிச்சாரு. "மேடம், இவரு இல்லைன்னா அப்ப வையாபுரிதான். பொய் சாட்சி வேற சொல்லியிருக்காரு. தீர்ப்புல அதையாவது எழுதணும்."

"இவரையே கேட்டுடலாம்," ன்னு ஜட்ஜம்மா திரைப்பக்கம் திரும்புனாங்க. "சென்னியப்பன், வையாபுரி செஞ்சிருப்பாரா?"

செவ்வந்தி திரைய நிமிந்து பாத்தா. ஒரு வார்த்தை. ஆறு வருஷம் உள்ள இருந்த மனுஷன், 'அவனாத்தான் இருக்கும்'னு ஒரு வார்த்தை சொன்னா யாரும் தப்பு சொல்ல முடியாது. பள்ளிபாளையத்துல ஒரு பொண்ணு தலையில துண்டு கட்டிட்டு அவங்கப்பா தறிய ஓட்டிட்டிருக்கும் இந்நேரம்.

சென்னியப்பன் இப்பவும் மேலதான் பாத்தாரு. "நான் பாக்கலைங்கம்மா. என்னையும் யாரும் பாக்காமத்தான் உள்ள போட்டாங்க. நான் பாக்காதத எப்பிடிங்க சொல்றது?"

ஜட்ஜம்மா கண்ணாடிய எடுத்து மாட்டுனாங்க. தீர்ப்பு நீளமா இல்ல. சூழ்நிலைய வெச்சு தண்டனை குடுக்கக்கூடாதுன்னு அவங்க சொல்லல. குடுக்கலாம். ஆனா கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல நாமளா நெனச்சுக்கிட்டத வெச்சுக் கோத்தா அது சங்கிலி இல்ல. இங்க நாம நெனச்சுக்கிட்டது ஒரு ஊரே சிரிக்கற அளவுக்குத் தப்பு. அதனால சென்னியப்பன் விடுதலை. வையாபுரி பேர்ல ஒரு வரியும் எழுத முடியாது, ஏன்னா முந்நூத்திப் பன்னெண்டுல அதுவும் ஒன்னு, அவ்ளோதான்.

பின் பெஞ்சுல இருந்து அங்கப்பன் தங்கச்சி எந்திரிச்சாங்க. "அப்ப எங்கண்ணன யாருங்க கொன்னது?"

"தெரியலம்மா," ன்னாங்க ஜட்ஜம்மா. "போலீஸ மறுபடி தேடச் சொல்லி எழுதியிருக்கேன். தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதுனதால உங்களுக்கும் ஆறு வருஷம் போச்சு. அதுக்கு நான் வருத்தப்படறேன்."

அந்தம்மா உக்காரல, போகவும் இல்ல. பாவாயி கொஞ்சம் நகந்து, பக்கத்துல எடம் விட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா வந்து அதுல உக்காந்தாங்க.

திரைய அணைக்கப் போனப்ப சென்னியப்பன் கைய தூக்குனாரு. "அம்மா, ஒன்னே ஒன்னு கேட்டுக்கறனுங்க."

"கேளுங்க."

"கரண்டு கணக்கு எல்லாம் இருக்குன்னு அந்த அம்மிணி சொன்னாங்களே. அன்னிக்கு வையாபுரி தறி எங்கயாவது நின்னுச்சுங்களா?"

ஜட்ஜம்மா செவ்வந்திய பாத்தாங்க. செவ்வந்திக்குத் தாள பாக்க வேண்டிய தேவையே இல்ல, ஆனா பாத்தா. விரல வெச்சு நாலு வரியையும் கடைசி வரைக்கும் பாத்தா.

"இல்லைங்க ஐயா. ஒரு நிமிஷம் கூட நிக்கல."

"செரிங்க," ன்னு சென்னியப்பன் சொன்னாரு. விடுதலைன்னப்ப வராத சிரிப்பு, மீசைக்குக் கீழ அப்பத்தான் வந்துச்சு.

*

தீர்ப்போட கடைசிப் பக்கத்துல இருந்த ஒரு உத்தரவுதான் கதைப்பிரிவையே பொரட்டிப் போட்டுச்சு. இனிமே சல்லடை எழுதற எல்லா பட்டியல்லயும் கடைசியா ஒரு கதை இருக்கணும். 'நமக்குத் தெரியாத ஏதோ ஒரு பழக்கம்.' அத மெஷின் சாகடிக்க முடியாது. கையெழுத்து போடற ஆள் நேர்ல அந்த எடத்துக்குப் போய், அங்க இருக்க ஜனங்களோட ஒரு நாளாவது உக்காந்துட்டு வந்து, 'பாத்தேன்'னு எழுதுனாத்தான் சாகும்.

மெஷின விட்டுடுவோம்னு ஆபீஸ்ல சிலர் சொன்னாங்க. செவ்வந்தி ஒத்துக்கல. "அது கேட்டதுக்கு நாமதான் பதில் சொல்லல. அது என்ன பண்ணும் பாவம்," ன்னு சொல்லிட்டா.

அவ கையெழுத்துல மிச்சம் அறுபத்து ரெண்டு. அதுல முப்பத்தெட்டு பேர் இப்பவும் உள்ள இருக்காங்க. ஒருத்தரும் அவள போகச் சொல்லல. அவளே முப்பத்தெட்டையும் தேதி வாரியா அடுக்கி, மொதல்ல பழவேற்காடு படகு வழக்க எடுத்தா. பயமா இருந்துச்சு. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் நல்லா வந்துச்சு, ஏன்னா என்ன பண்ணணும்னு தெரிஞ்சுடுச்சு.

பையத் தூக்குனப்ப ஜெரால்டு தலைய தூக்கிப் பாத்தான். அவளோட திரையில அவசர ரிப்போர்ட் நாலு நின்னுட்டிருந்துச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும்.

"கொஞ்சம் பாத்துக்கோ," ன்னா.

எத்தனை வடைன்னு கேப்பான்னு நெனச்சா. அவன் "ம்"னு மட்டும் சொன்னான்.

பழவேற்காட்டுல மூணு நாள் ஆயிடுச்சு. படகு வலைய எப்ப உதறுவாங்க, எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் இழுப்பாங்க, யாரு யாரோட பேசமாட்டாங்கன்னு எல்லாம் கேட்டா. அந்த வழக்குல அவ போட்ட கையெழுத்து சரியாத்தான் இருந்துச்சு. 'பாத்தேன்'னு எழுதுனா, மனசாற. நெத்திலி கருவாடு ரெண்டு பொட்டலம் வாங்கிட்டு வந்தா.

ஆபீஸ்ல அவ சீட்டு சுத்தமா இருந்துச்சு. நாலு ரிப்போர்ட்டும் வெள்ளிக்கிழமை காலைலயே போயிருக்கு, ஒரு பிழை இல்லாம. பக்கத்து திரைய எட்டிப் பாத்தா. ஜெரால்டோட ரெண்டு ரிப்போர்ட், அவ கிளம்புன அன்னிக்கு எந்த வரியில இருந்துச்சோ அதே வரியில இருந்துச்சு. மேல செவப்புல எச்சரிக்கை மின்னுச்சு.

ஒரு பொட்டலத்த அவன் மேஜையில வெச்சா. "உன்னோடது என்னாச்சுப்பா?"

ஜெரால்டு மோந்து பாத்துட்டு, பொட்டலத்த டிராயருக்குள்ள தள்ளுனான்.

"நின்னுடுச்சு," ன்னான், கொஞ்சம் பெருமையா.